குட்டி இதழ் போட எது வழி: கையெழுத்தா, ஜெராக்ஸா, ரிசோவா, பி.டி.எஃப்பா?

போன மாதம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து நான்கு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு பேர் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். ஒருவர் அங்கன்வாடியில் இருக்கிறார். இன்னொருவர் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு பாமணியாற்றுப் பக்கம் குடியிருக்கிறார். நால்வரும் எழுதியதைச் சேர்த்து ஒரு குட்டி இதழ் போட வேண்டும். கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. “ஜெராக்ஸ் போடலாமாக்கா, பிரஸ்ல குடுக்கலாமா, இல்ல வாட்ஸ்அப்ல பி.டி.எஃப்பா விட்டுடலாமா?” என்று கேட்டார்கள். காபி ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாடு தாண்டியும் பேச்சு முடியவில்லை. அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

என்னைக் கேட்கக் காரணம், நாங்கள் ஐந்து பேர் ஆறு வருடமாக இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். இதுவரை பதினோரு இதழ் வந்திருக்கிறது. இதழின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

இங்கிலீஷில் இதை ‘ஸீன்’ என்கிறார்கள். 1930களில் அமெரிக்காவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் அச்சடித்துப் பரிமாறிக்கொண்ட ரசிகர் இதழ்களிலிருந்து வந்த சொல். 1990களின் தொடக்கத்தில் அங்கே பங்க் இசைப் பெண்கள் அதைக் கையிலெடுத்தார்கள். வீட்டில், வகுப்பில், உடம்பில் நடப்பதையெல்லாம் எழுதி, வெட்டி ஒட்டி, நகலெடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். நம்மூரில் ‘சீன்’ என்றால் யாரோ சீன் போடுகிறார்கள் என்று ஆகிவிடும். அதனால் நாங்கள் குட்டி இதழ் என்றே சொல்லிக்கொள்கிறோம். சிற்றிதழ் என்று சொல்லாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. அந்தச் சொல்லோடு சந்தா, ஆசிரியர் குழு, இலக்கியச் சண்டை எல்லாம் சேர்ந்து வந்துவிடும். இந்த டெல்டாவிலேயே அதற்குப் பெரிய வரலாறு இருக்கிறது. சரிகை வியாபாரம் செய்த எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராம் கும்பகோணத்திலிருந்து ‘தேனீ’ இதழை நடத்தினார். அதற்கும் முன்னால், 1942இல், திருவாரூரில் ஒரு பள்ளிக்கூடப் பையன் துண்டறிக்கையாகத் தொடங்கியதுதான் ‘முரசொலி’. அந்தப் பையன் அதற்கு முன்பே ‘மாணவ நேசன்’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தியிருக்கிறார். ஆக, கையால் எழுதிச் சுற்றுக்கு விடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பெண்கள் செய்யும்போது கணக்கு வேறாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வழக்கமாக இந்த மாதிரி ஒப்பீட்டில் என்ன செலவாகும், எப்படி இருக்கும், எத்தனை பிரதி வரும் என்று மூன்று கேள்விகள் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது நான்காவது கேள்வியை. எழுதியவள் கையிலிருந்து படிப்பவள் கைக்குப் போவதற்குள் நடுவில் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள், அவர்கள் யார்? சென்னையில் இருப்பவர்களுக்கு இது அநாவசியமாகத் தோன்றலாம். இங்கே ஜெராக்ஸ் கடைக்காரருக்கு உங்கள் மாமனாரைத் தெரியும். பிரஸ்காரர்தான் உங்கள் கல்யாணப் பத்திரிகையை அடித்தவர்.

துவரங்குறிச்சியில் வீட்டுக்குள்ளேயே இருந்து எழுதிய கவிஞர் சல்மாவின் கவிதைகள் எப்படி வெளியே போயின தெரியுமா? அவர் அம்மாதான் ரகசியமாக அனுப்பிவைத்தார். நடுவில் இருந்தது ஒரே ஒரு கை, அதுவும் அம்மாவின் கை. 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைக் கையிலெடுத்த எழுத்தாளர் வை.மு.கோதைநாயகி அம்மாள் பிற்பாடு சொந்தமாக அச்சகமே வைத்துக்கொண்டார். அச்சகம் வைக்க நமக்கு வசதி இல்லை. நம்பகமான ஒரு கையைத் தேடுவதுதான் நம்மால் ஆனது.

ஒரே ஒரு நோட்டு

எல்லாவற்றிலும் மலிவு இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஆளுக்குக் கொஞ்சம் எழுதி, படம் வரைந்து சுற்றுக்கு விடுவது. கடைசி நாலு பக்கத்தைக் காலியாக விட்டால் படித்தவர்கள் தங்கள் கருத்தை எழுதித் தருவார்கள். எங்கள் முதல் இதழ் இப்படித்தான் வந்தது. பதினாலு பேர் படித்தார்கள். கடைசிப் பக்கங்களில் வந்த எதிர்வினைகள் முன்பக்கங்களைவிட நன்றாக இருந்தன என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

பதினைந்தாவது வீட்டில் நோட்டு காணாமல் போனது. கேட்டால், பரணில் இருக்கும் என்றார்கள். இன்னும் பரணில்தான் இருக்கிறது போலும்.

தொலைவதுகூடப் பெரிதில்லை. கையெழுத்துதான் பிரச்சினை. எங்களில் ஒருவர் தெருவில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பார், பேங்க் சலான் நிரப்பிக் கொடுப்பார். அவர் ‘ழ’ போடுவதைப் பார்த்தாலே இது இன்னார் எழுத்து என்று நாலு தெரு சொல்லும். அவர் புனைபெயரில் எழுதிய கவிதை, பெயர் போட்டு எழுதியது மாதிரியே ஆகிவிட்டது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் கையால் படியெடுப்பது. நான் எழுதியது எங்கள் ஐவரில் ஒருவரான தையல்கார அக்காவின் எழுத்தில் வரும், அவர் எழுதியது என் எழுத்தில் வரும். பிறகு ஜெராக்ஸுக்கு மாறினபோதும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஜெராக்ஸ்

எங்கள் பதினோரு இதழில் ஏழு இப்படி வந்தவை. ஆகவே எனக்குப் பட்சபாதம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இதில் இரண்டு விதம். முதலாவது ஒற்றைத்தாள் மடிப்பு. ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கத்தை மட்டும் அச்சடித்து, எட்டுக் கட்டங்களாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போட்டால் எட்டுப் பக்கமுள்ள குட்டிப் புத்தகம். ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், பசையும் வேண்டாம். செய்முறையைச் சொல்கிறேன். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பிரியுங்கள். அகலவாக்கில் நாலாக மடித்துப் பிரியுங்கள். எட்டுக் கட்டம் விழுந்திருக்கும். இப்போது நீளத்தைப் பாதியாக மடித்துப் பிடித்துக்கொண்டு, மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து உள்கோட்டு வழியே ஒரு கட்டம் அளவுக்குக் கத்தரியுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டு விரிந்து புத்தகமாகிவிடும். எழுதும்போது மேல்வரிசைக் கட்டங்கள் நான்கும் தலைகீழாக வர வேண்டும். முதலில் வெறுந்தாளை மடித்துப் பக்க எண் போட்டுப் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள். நாங்கள் அப்படிச் செய்யாமல், நாலாம் பக்கத்துக் கவிதை தலைகீழாக வந்தது. புதுக் கவிதை என்று சமாளித்தோம்.

இரண்டாவது, ஏ4 தாள்களை நடுவில் மடித்துத் தைக்கும் புத்தகம். நாலு தாள் என்றால் பதினாறு பக்கம். பக்கங்கள் எப்போதும் நாலின் மடங்கில்தான் வரும். எந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்று குழம்பாமல் இருக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மடிக்காத ஏ4 தாளின் ஒரு பக்கத்தை முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூடுதலாக வர வேண்டும். பதினாறு பக்கம் என்றால் பதினேழு. ஒன்றும் பதினாறும், இரண்டும் பதினைந்தும், மூன்றும் பதினாலும்.

கறுப்பு ஜெல் பேனாவால் எழுதுங்கள். நீலப் பால்பாயிண்ட் வெளிறிப் போகும், பென்சில் பாதி மறையும். நாலு ஓரத்திலும் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள். மெஷின் அதுவரைக்கும் அடிக்காது. போட்டோ வைத்தால் கறுப்புத் திட்டாக வரும். ஆனால் கோடாக இருப்பதெல்லாம் அற்புதமாக வரும். நம் வீட்டுப் பெண்களுக்குக் கோடு போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் நாலாவது இதழின் அட்டை ஒரு பதினைந்து புள்ளிக் கோலம். எந்த ஓவியரும் அதைவிடச் சுத்தமான நகல்படம் போட்டுத் தந்திருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தாள் நமுத்து மெஷினில் சிக்கும், கடைக்காரர் முகம் சுளிப்பார்.

சரி, கடைக்காரருக்கு வருவோம். ஜெராக்ஸில் நடுவில் இருக்கும் கை அவருடையது. எங்கள் மூன்றாவது இதழில் மாமியார் வீட்டுச் சமையலறையைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். கடைக்காரர் நல்ல மனிதர். படித்திருக்கிறார், பிடித்திருக்கிறது. சாயங்காலம் டீக்கடையில் அந்தப் பெண்ணின் கொழுந்தனாரைப் பார்த்து, “ஒங்க அண்ணி பிரமாதமா எழுதுறாங்களே” என்று பாராட்டிவிட்டார். அந்தப் பாராட்டுக்குப் பிறகு அவர் ஒன்பது மாதம் எழுதவில்லை.

அதிலிருந்து எங்கள் ஊரில் நகல் எடுப்பதில்லை. டவுன் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறோம், அங்கேயும் கல்லூரி வாசலில் இருக்கும் கடைக்கு. பரீட்சை நேரத்தில் போனால் கூட்டத்தில் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள், நோட்ஸ் நகலெடுக்கும் பெண்களோடு நாமும் ஒருவர். விலையும் குறைவு. எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்டில் ஒரு முகத்துக்கு இரண்டு ரூபாய், கல்லூரி வாசலில் ஒரு ரூபாய். ஒற்றைத்தாள் இதழ் நூறு பிரதிக்கு நூறு ரூபாய். பதினாறு பக்கப் புத்தகம் ஒரு பிரதிக்கு எட்டு ரூபாய், நூறுக்கு எண்ணூறு. அட்டைக்குக் கலர் தாள் வைத்தால் இன்னும் கொஞ்சம்.

பஸ் செலவு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை அல்லவா, எங்கள் இதழ் பிழைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போவதென்றால் எதற்கு, எவ்வளவு என்று வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ரிசோ

ஜப்பான்காரர்கள் செய்த மெஷின். பார்த்தால் ஜெராக்ஸ் மாதிரியே இருக்கும், வேலை செய்வது பழைய சைக்ளோஸ்டைல் மாதிரி. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மாஸ்டர் படலம் துளையிட்டு, அதன் வழியே மை இறங்கும். மாஸ்டருக்குத்தான் காசு, அப்புறம் எத்தனை பிரதி ஓட்டினாலும் சில்லறைதான். வெளிநாட்டில் கலைஞர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். இளஞ்சிவப்பு, பச்சை என்று கலருக்கு ஒரு உருளை மாற்றி அடுக்கடுக்காக அடிக்கிறார்கள். நம்மூரில் இது கொஸ்டின் பேப்பர் அடிக்கிற மெஷின். டியூஷன் சென்டர்களிலும் நோட்டீஸ் அடிக்கும் கடைகளிலும் கேட்டால் இருக்கும். பெரும்பாலும் கறுப்பு உருளை மட்டும்தான். கலர் கனவோடு போகாதீர்கள்.

எங்களுக்குச் சொன்ன விலையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாஸ்டர் ஒன்று ஐம்பது ரூபாய். பதினாறு பக்கப் புத்தகத்துக்கு எட்டு முகம், ஆக நானூறு. ஓட்டுகூலி முகத்துக்கு இருபத்தைந்து காசு, தாள் ஒன்றுக்கு அறுபது காசு. பிரதிக்கு நாலு ரூபாய் நாற்பது காசு வருகிறது. நூறு பிரதி என்றால் மொத்தம் 840, ஜெராக்ஸைவிட நாற்பது ரூபாய் அதிகம். முந்நூறு பிரதி என்றால் 1720, அதையே ஜெராக்ஸ் எடுத்தால் 2400. நூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு பிரதிக்கு மேல் போனால்தான் ரிசோ லாபம். உங்களுக்கு முந்நூறு வாசகிகள் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணிப் பார்த்தோம், தொண்ணூறு தேறியது.

இன்னொன்று, ரிசோ மை ஜெராக்ஸ் மாதிரி சூட்டில் உருகித் தாளில் பிடித்துக்கொள்வதில்லை, தாள் உறிஞ்சிக் காய வேண்டும். அடித்த கையோடு அடுக்கினால் ஒன்றின் முகம் இன்னொன்றின் முதுகில் ஒட்டும். வியர்த்த கையால் பிடித்தால் விரலில் கறுப்பு வரும். ரிசோவில் போட்டுப் பார்த்த எங்கள் ஆறாவது இதழைப் படித்தவர்கள் எல்லோரும் சித்திரை வெயிலில் படித்தார்கள். அன்று ஊரில் யார் யார் படித்தார்கள் என்று கட்டைவிரலைப் பார்த்தே சொல்லியிருக்கலாம்.

பிரஸ்

பிரஸ்ஸில் ஓட்டும் ஆஃப்செட் அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சுத் தகடு, அதாவது பிளேட் போட வேண்டும், ஐந்நூறு பிரதிக்குக் குறைந்து போவதில் அர்த்தமில்லை. முப்பத்திரண்டு பக்கம், கலர் அட்டை, ஐந்நூறு பிரதிக்கு எங்களிடம் ஒன்பதாயிரம் சொன்னார்கள். பிரதிக்கு பதினெட்டு ரூபாய், கேட்க மலிவாகத்தான் இருக்கும். நூறு போனபின் மிச்சம் நானூறும் கட்டிலுக்கு அடியில் கரையானுக்குப் போகும். கணினியில் அடித்துப் பக்கம் அமைக்கும் டி.டி.பி.காரர், பிழை பார்ப்பவர், பிளேட் போடுபவர், மடிப்பவர் என்று நடுவில் கைகளும் கூடிக்கொண்டே போகும். அஞ்சாறு வருடம் கழித்து, வந்ததில் நல்லதைத் தொகுத்து ஒரு புத்தகமாகப் போட வேண்டுமென்றால் அப்போது போங்கள்.

டி.டி.பி. பற்றி ஒரு வார்த்தை. நாம் போனில் அடிப்பது யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில். தமிழ்நாட்டு அரசே 2010இல் அதைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் பல கடைகளில் இன்றைக்கும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் அனுப்பியதை ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். “மறுபடி அடிச்சிடறோம்மா” என்பார்கள். அப்படியென்றால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் ஒருவர் நிதானமாகப் படிக்கப்போகிறார் என்று பொருள்.

பி.டி.எஃப்

மன்னார்குடிப் பெண்களில் இளையவர்கள் இரண்டு பேருக்கும் இதில்தான் ஆசை. காசு கிடையாது, கலர் உண்டு, துபாயில் இருக்கும் சித்தி பெண்ணும் படிக்கலாம். ஜெராக்ஸ்காரரும் இல்லை, பிரஸ்காரரும் இல்லை. நான் சொன்ன நடுக்கைக் கணக்குப்படி பார்த்தால் இதுதானே முதலில் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் எட்டாவது இதழ் பி.டி.எஃப்பாக மட்டும் வந்தது. கொரோனா நேரம், வேறு வழி இல்லை. இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, ஒரு பெண் தன் கணவரின் ஆபீஸ் லேப்டாப்பில் பக்கங்களைக் கோர்த்தார். வேர்டிலிருந்து பி.டி.எஃப் ஆக்கும்போது ‘ஆத்தர்’ என்ற இடத்தில் அந்தக் கணினி யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர் தானாக ஏறிக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரியாது. பெண்கள் எழுதிய இதழ், எல்லோருக்கும் புனைபெயர், கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தால் ஆசிரியர் என்று அந்த வீட்டுக்காரரின் முழுப்பெயர். அவருக்கு இதழ் வருவதே தெரியாது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது, யாரோ ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு குடும்ப குரூப்பில் போட்டு, ‘இது யாருன்னு தெரியுதா’ என்று கேட்டுவிட்டார்கள். தாளில் வந்த இதழை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் முழுசாகக் கொடுப்பார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார். போனில் ஒரு பக்கம் தனியாகக் கழன்று, யார் முகமும் பார்க்காமல் முந்நூறு பேரிடம் போய்விடுகிறது. ஜெராக்ஸில் நடுவில் இருந்த ஆள் யாரென்றாவது தெரியும். அவரைத் தவிர்க்க அடுத்த ஊருக்கு பஸ் ஏறலாம். இதற்கு எந்த பஸ்ஸும் கிடையாது.

குரூப் ஆரம்பித்தால் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் அது தெரியாது, ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். சந்தாவை ஜிபேயில் வாங்கலாம் என்றும் யாராவது யோசனை சொல்வார்கள். பணம் அனுப்பும்போது பேங்க் கணக்கில் இருக்கும் நிஜப்பெயர் திரையில் வரும், மறந்துவிடாதீர்கள். நாங்கள் தையல்கார அக்காவின் கடையில் காசு போட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறோம்.

பி.டி.எஃப்பை அடியோடு தள்ளிவிடவும் மாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் ஒரு சிநேகிதியின் வீட்டுக் கூரை போனது. இருபது வருடமாக எழுதிய நோட்டுகள் டிரங்குப் பெட்டியோடு ஊறிக் கூழானது. அதனால் ஒவ்வொரு இதழையும் ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவில் வைக்கிறோம். அதைச் சுற்றுக்கு விடுவதில்லை. தாளில் வந்த இதழுக்கும் ஒரு பத்திரமான இடம் வேண்டுமென்றால் புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது, சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. இரண்டும் பழைய சிற்றிதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடங்கள். நம் எட்டுப் பக்கத்தையெல்லாம் கொடுப்பதா என்று கூச்சப்படாதீர்கள். நூறு வருடத்துக்கு முந்திய பெண்கள் பத்திரிகைகளில் இன்று கிடைக்காமல் போனவை அப்படிக் கூச்சப்பட்டுப் பரணில் போனவைதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது

எந்த முறை என்று முடிவு செய்வதில் பாதி, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறோம் என்பதில் இருக்கிறது. எங்களுக்கு முதல் இடம் தையல் கடை. தைத்த ரவிக்கையை மடித்துப் பையில் போடும்போது உள்ளே ஒரு பிரதி. ஆண்கள் அந்தப் பையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் வளையலோடு ஒன்று. நவராத்திரிக்குக் கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒன்று. இதற்கெல்லாம் ஒற்றைத்தாள் மடிப்புதான் சரி. உள்ளங்கை அளவு, மஞ்சள் கிழங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பதினாறு பக்கப் புத்தகம் பையில் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். கொலு வைக்கும் வீடுகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் முதல் அஞ்சு இதழும் தேரோடும் வீதிகளைத் தாண்டவேயில்லை. அப்புறம்தான் உறைத்தது. நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் கரைக்குப் போனோம், நடவாட்கள் வீடுகளுக்குப் போனோம். அங்கே வயசானவர்கள் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு, “இதெல்லாம் ஒரு கதையா, நான் சொல்றேன் எழுதிக்க” என்று ஒரு பாட்டி ஆரம்பித்தார். ஒன்பதாவது இதழ் முழுக்க அவர் சொன்னதுதான். பதினாறு பக்கம் பத்தாமல் இருபதாக்கினோம். எழுத்து பெரியதாக, வரி இடைவெளி தாராளமாக வைக்க வேண்டும் என்பதும் அங்கே கற்றதுதான். திண்ணை வெளிச்சத்தில் பேத்தி சத்தமாகப் படிக்கிற எழுத்து அது.

நாளும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை ஆரம்பித்துவிட்டால் நடவு, களை என்று யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கொடுத்தால் படிப்பார்கள்.

தபாலில் அனுப்புவது வரவரச் சிரமமாகிவிட்டது. பதிவுசெய்த புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025இல் ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஒற்றைத்தாள் இதழ் அஞ்சு கிராம்கூடத் தேறாது, சாதாரணக் கவரில் கடிதமாகவே போட்டுவிடலாம். அனுப்புநர் முகவரியில் எந்த வீட்டைப் போடுவது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டார்கள். 1867இலிருந்து இருந்த பழைய பத்திரிகைப் பதிவுச் சட்டம் போய், 2023இல் கொண்டுவந்த புதுச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் வந்து, பொதுச் செய்தியையோ அதன் மீதான கருத்தையோ வெளியிடுவதைத்தான் அது பருவ இதழாகக் கொள்கிறது, அதற்குப் பதிவு வேண்டும். நாங்கள் ‘மாத இதழ்’ என்றோ ‘காலாண்டிதழ்’ என்றோ போடுவதில்லை. எழுத்து சேர்ந்தால் இதழ் வரும். கதை, கவிதை, அனுபவம், கைவைத்தியம் இவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். பின்னட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போடுவது தமிழ்ச் சிற்றிதழ்களின் பழைய வழக்கம். போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது காப்பாற்றும் என்று நம்பி யாரையாவது பெயர் சொல்லித் திட்டி எழுதாதீர்கள்.

ஆக, மன்னார்குடிப் பெண்களுக்கு நான் சொன்னது: முதல் இதழ் ஒற்றைத்தாள் மடிப்பு, எண்பது பிரதி, அடுத்த ஊர் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எண்பதில் எத்தனை திரும்பி வருகிறது, எத்தனை பேர் அடுத்தது எப்போது என்று கேட்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவதும் அதே மாதிரி. மூன்றாவதற்குக் கை நிறைய எழுத்து சேர்ந்திருந்தால் பதினாறு பக்கம் போடுங்கள். ரிசோவை நூற்றிருபது பேர் கேட்கும் நாளில் நினைத்துக்கொள்ளலாம். இளையவர்கள் இரண்டு பேருக்கும் முகம் வாடிவிட்டது. கலர் இல்லை என்பதுதான் குறை. அட்டையில் மட்டும் கையால் ஒரு குங்குமப்பொட்டு வைத்துவிடுங்கள் என்றேன். எண்பது பொட்டு வைக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

பதினாறு பக்கம் போட்டால் நடுவில் எதைக் கொண்டு தைப்பது என்று அங்கன்வாடிப் பெண் கேட்டார். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது, நீளக்கை ஸ்டேப்ளர் விலை அதிகம். நாங்கள் ஒரு தடவை, நம்மூர் இதழாயிற்றே என்று பூக்கட்டுகிற வாழைநாரால் கட்டிப் பார்த்தோம். பார்க்க அழகாக இருந்தது. பத்து நாளில் காய்ந்து எல்லாம் பட்டுப் பட்டென்று தெறித்துவிட்டது. கோணி ஊசியும் மெஷின் நூல் நாலு இழையும் போதும். மடிப்பில் மூன்று துளை, நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே குத்தி, மேலே போய், கீழே வந்து, மறுபடி நடுவில் முடிச்சு.

“அது எனக்குத் தெரியும்க்கா, தலையணை உறைக்குப் போடுறதுதானே” என்றார் பாமணிக்காரப் பெண். ஊசியை எடுத்து அங்கேயே ஒன்று தைத்தும் காட்டினார். என்னுடையதைவிட நேராக இருந்தது.